அமுலு இருந்த தொட்டி

வேலந்தாங்கலில் ஒரு காலத்தில் ஏரி இருந்தது. அந்த ஏரியைத் தூர்த்து மனை போட்டு விற்ற மகராசன்கள் எல்லாம் போய்ச் சேர்ந்து, அவர்கள் பேரில் தெருக்கள் வந்து, தெருக்களில் வீடுகள் வந்து, வீடுகளில் குடிவந்த சனம் பிழைப்புக்கு என்ன செய்வது என்று யோசித்து யோசித்துக் கடைசியில் வண்ண மீன் வளர்க்க ஆரம்பித்தது. ஏரியை மூடிவிட்டு அதன் தலைமேலேயே உட்கார்ந்து மீன் வளர்க்கிற கூத்தை நீங்கள் வேறெந்த ஊரில் பார்த்திருப்பீர்கள், சொல்லுங்கள். மொட்டை மாடியில் சிமென்ட் தொட்டி, மாடிப்படிக்கு அடியில் ஃபைபர் தொட்டி, கட்டிலுக்குக் கீழே ஃபைட்டர் மீன் போட்ட பாட்டில்கள், குளியலறையில் குளிக்க இடமில்லாமல் கோல்டு ஃபிஷ். காலையில் எழுந்ததும் பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மீன் குஞ்சுகளைத்தான் பார்ப்பார்கள். பிள்ளைகளும் அதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

தனகோட்டிக்கு நாகரத்தினத்தின் மீன் குடோனில் பாக்கெட் போடுகிற வேலை. பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி, மீனை விட்டு, சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் அடித்து, வாயை முறுக்கி ரப்பர் பேண்டு போட்டுப் பெட்டியில் அடுக்கினால் மீன் பெங்களூருக்குப் போகும், ஐதராபாத்துக்குப் போகும், தனகோட்டி வீட்டுக்குப் போவாள். அவள் புருஷன் கோவர்தனன் கண்ணாடித் தொட்டி கட்டுகிறவன். இரண்டு பேருக்கும் ஒரே பெண். அமுதவல்லி என்று பேர் வைத்து அமுலு என்று கூப்பிட்டார்கள். இரண்டாம் வகுப்பு படித்த அமுலுவுக்கு ரொம்ப நாளாக ஓர் ஆசை இருந்தது.

"எல்லா தொட்டியும் விக்கறதுக்கே கட்றியேப்பா, எனக்கு ஒரு விக்காத தொட்டி கட்டிக் குடேன். செடி வச்சது. உள்ள காடு மாதிரி இருக்கணும்."

"கட்டலாம்டா கண்ணு, இந்த ஆர்டர் முடியட்டும்" என்பான் கோவர்தனன். ஆர்டர் எங்கே முடிந்தது? ஒன்று போனால் இன்னொன்று வந்தது. அமுலுவும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஊர் நடுவே ஒரு மழைநீர்க் கால்வாய் போனது. முக்கால்வாசி தூரம் சிலாப் போட்டு மூடியிருந்தார்கள். தனகோட்டி வீட்டுக்குப் பக்கத்துத் திருப்பத்தில் மட்டும் லாரி ஏறி ஒரு சிலாப் உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. விழுந்த சிலாப்புக்குப் பதிலாக யாரோ ஒரு வேப்பங்கிளையை நட்டார்கள், அது காய்ந்ததும் ஓர் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்து வைத்தார்கள், அந்த நாற்காலியையும் பழைய சாமான்காரன் எடுத்துப் போனான். அந்த இடத்துக்கு ஊரில் வாய் என்று பேர். ஐப்பசி மழையில் தெருவும் கால்வாயும் ஒரே தண்ணீராகக் கிடந்த ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடத்திலிருந்து மற்றப் பிள்ளைகளோடு வந்த அமுலு அந்த வாய்க்குள் போனாள். கூட வந்த பிள்ளைகள் அவள் உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள், பிறகுதான் கத்தினார்கள்.

தீயணைப்பு வண்டி வந்தது, கயிறு வந்தது, நீளமான மூங்கில் வந்தது, கால்வாய் போய்க் கலக்கிற ஆறு வரைக்கும் ஆட்கள் தேடிப் போனார்கள். அமுலுவின் ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. மறுநாள் ஊரே மெயின் ரோட்டில் உட்கார்ந்தது. நாகரத்தினம்தான் வண்ண மீன் வளர்ப்போர் சங்கத் தலைவர். அவர்தான் முன்னால் உட்கார்ந்தார். பஸ்கள் நின்றன, அதிகாரி ஒருத்தர் வந்தார், சிலாப் வந்துவிடும் என்று கைகூப்பிச் சொன்னார், எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். சிலாப் வரவில்லை. வராவிட்டால் மறுபடி உட்காருவது என்று பேச்சு.

கோவர்தனன் அழவில்லை. ஆர்டரை எல்லாம் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, இருந்ததிலேயே கனமான கண்ணாடியை எடுத்து அறுத்தான், ஓரத்தைத் தேய்த்தான், சிலிக்கான் வைத்து ஒட்டினான், காய விட்டான், தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தான். அடியில் செடிக்கு மண் பரப்பினான், அதன்மேல் போடுகிற சரளையைக் கழுவினான், கழுவின தண்ணீர் குடிக்கிற தண்ணீர் மாதிரி தெளிகிற வரைக்கும் கழுவினான். மரக்கட்டையை ஊறப்போட்டுச் சாயம் போக்கி நடுவில் சாய்த்து, அதில் நூல் சுற்றிப் பாசியைக் கட்டினான். பின்னால் நாடா நாடாவாகப் போகிற வாலிஸ்நேரியா, நடுவில் அகல இலை போட்ட அமேசான் செடி, முன்னால் கட்டைப்புல். லைட் கட்டினான், ஃபில்டர் மாட்டினான். இதை எல்லாம் பார்த்துக்கொண்டு தனகோட்டி சுவரோரமாகப் படுத்திருந்தாள். "யாருக்குய்யா கட்ற இத?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள், அவன் அடுத்த செடியை எடுத்து நட்டான்.

புதுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றின உடனே மீன் விடக்கூடாது என்பது வேலந்தாங்கலில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீர் செட் ஆக வேண்டும். அது சீக்கிரம் ஆவதற்கு, நன்றாக ஓடுகிற பழைய தொட்டியிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரும் ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்கும் கொண்டுவந்து புதுத் தொட்டியில் விடுவார்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான், பேரும் உறை ஊற்றுவதுதான். கோவர்தனன் தொட்டி கட்டுவது தெரிந்து தெருவே சொம்பும் கையுமாக வந்து வாசலில் நின்றது. அவன் யாரிடமும் வாங்கவில்லை. வீட்டுச் சொம்பை எடுத்துக்கொண்டு திருப்பத்துக்குப் போனான், வாயருகே குப்புறப் படுத்துக் கையை நீட்டி ஒரு சொம்பு மொண்டு வந்து ஊற்றினான். சொம்போடு வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

தண்ணீர் முதலில் பால் மாதிரி கலங்கியது, பிறகு டீத்தண்ணீர் நிறத்துக்கு வந்தது, இலைகள் எல்லாம் கூழாகி உருகி விழுந்தன. அப்படித்தான் விழும்; பிடுங்கிப் போடாமல் பொறுத்துக்கொண்டால் புது இலை வரும். வந்தது. தண்ணீரும் தெளிந்தது. ஒரு காலை தனகோட்டி எழுந்து போய் லைட்டைப் போட்டபோது அமேசான் செடிக்குப் பின்னாலிருந்து அமுலு எட்டிப் பார்த்தாள். கட்டைவிரல் உயரம் இருந்தாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் போட்டிருந்தாள், தலைமுடி தண்ணீரில் மெதுவாக அலைந்துகொண்டிருந்தது.

"எங்கடி போய்த் தொலஞ்ச இத்தன நாளு? சொல்லிட்டுப் போகத் தெரியாது?" என்று தனகோட்டி கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்குத்தான் கோவர்தனனும் அழுதான்.

தெரு வந்து பார்த்தது. ஆச்சரியப்படுவார்கள் என்று நினைத்தீர்களா? மீன்காரச் சனம், தொட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்குமே தவிர எப்படி வந்தது என்று கேட்காது. "மார்கழி வருது, குளிரும், ஹீட்டர் போட்டியா?" என்றார்கள். நாகரத்தினம் தன் குடோனிலிருந்து நல்ல ஹீட்டராக ஒன்றை அனுப்பினார். இட்லியை உதிர்த்துப் போடலாமா என்று ஒருத்தி கேட்க, போட்டால் தண்ணீர் கெட்டுவிடும் என்று நாலு பேர் அவள்மேல் பாய்ந்தார்கள். கற்பூரம் கொளுத்தப் போனவளை, புகை ஆகாது என்று வாசலிலேயே தடுத்தார்கள். துணைக்கு என்ன மீன் விடுவது என்பதில் சங்கத்தில் பெரிய தகராறே நடந்தது. கடிக்கிற சாதி எதுவும் கூடாது, கண்ணை உறுத்தாத குட்டி மீனாக இருக்க வேண்டும் என்று பேசி முடித்து நியான் டெட்ராக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் சனிக்கிழமைகளில் வந்து புத்தகத்தைக் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். வகுப்பில் அமுதவல்லி என்று கூப்பிட்டபோது பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து உள்ளேன் டீச்சர் என்றார்கள்.

அமுலு பேசுவது வெளியே கேட்காது, வாய் மட்டும் அசையும். சாப்பிட மாட்டாள், தூங்க மாட்டாள், கட்டைப்புல்லில் நடப்பாள், மரக்கட்டைமேல் ஏறி உட்காருவாள். முதலில் கொஞ்ச நாள் இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் வைத்துத் தட்டினாள். டொக் டொக் என்று சன்னமாகக் கேட்கும். "பாரு பாரு, வெளாடுது கொழந்த" என்றது தெரு. தனகோட்டியும் வருகிறவர்களிடம் அப்படித்தான் சொன்னாள். பிறகு அமுலு தட்டுவதை விட்டுவிட்டாள்.

சிலாப்புக்காக மறுபடி ரோட்டில் உட்காருவது என்று இருந்த பேச்சைத் தனகோட்டி ஒரு நாள் குடோனில் நாகரத்தினத்திடம் எடுத்தாள். அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, நல்ல விதமாகத்தான் பேசினார், கெட்ட மனுஷன் இல்லை.

"நம்ம தொழில்ல என்னம்மா வழக்கம்? வெளியூர்க்காரன் பாக்கெட்ட பிரிக்கிறான், மீன் செத்துக் கெடக்குது, வேற மீன் அனுப்பறோம். செவுள் அசையுது, உயிர் இருக்குது, அப்ப கேக்க முடியுமா? முடியாது. இத நான் வச்ச சட்டம்னு சொல்லாத, எங்கப்பா காலத்துலேர்ந்து இருக்குது. இப்ப நாம ரோட்ல போய் உக்காந்தா அதிகாரி வந்து கேப்பான், யாருய்யா செத்ததுன்னு. நீ சொல்லு தனகோட்டி. எம்பொண்ணு செத்துட்டான்னு அவன் மூஞ்சப் பாத்துச் சொல்லுவியா? நீ சொன்னா நான் உக்காருறேன், சத்தியமா உக்காருறேன்."

தனகோட்டி வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை வரவில்லை. வீட்டில் லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தத் தாய்க்கு வரும்? "போ, போய் வேலையப் பாரு" என்றார் நாகரத்தினம். அவள் போய்ப் பாக்கெட் போட்டாள்.

தை கழிந்து மாசியில், மழையே இல்லாத ஒரு நாளில், எஸ்தரின் மகன் ஜோயல் பந்தின் பின்னால் ஓடி வாய்க்குள் விழுந்தான். எஸ்தர் தனகோட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கெட் போடுகிறவள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள், ஜோயல்தான் அவளுக்கு எல்லாம். வாய் பிள்ளைகளை எடுத்தால் திருப்பித் தருவதில்லை, ஜோயலையும் தரவில்லை. மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி அழுத எஸ்தர், அழுகையினூடே தனகோட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, அண்ணன்கிட்ட சொல்லி ஒரு தொட்டி கட்டித் தரச் சொல்லுக்கா" என்றாள். கோவர்தனன் கட்டினான். எஸ்தரே குப்புறப் படுத்து ஒரு சொம்பு மொண்டாள். இலைகள் உருகி, புது இலை வந்து, தண்ணீர் தெளிந்து ஜோயல் வந்தான்.

அவன் வந்த காலை தனகோட்டி போய்ப் பார்த்தாள். பையன் கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தான், விரல் நுனிகள் வெளுக்கிற அளவுக்கு. எஸ்தர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாருக்கா, வந்ததும் வெளாட்டு" என்று சிரித்தாள். அந்தப் பிள்ளையின் வாய் அசைவதையும் கண்கள் விரிந்திருப்பதையும் தனகோட்டி பார்த்துக்கொண்டே நின்றாள். அது விளையாட்டு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இப்போது தெரிந்ததில்லை, அமுலு தட்டியபோதே தெரிந்ததுதான்.

"ஆமாண்டி, வெளாடுறான்" என்றாள்.

அப்புறம் இஸ்திரிக்காரர் மகள், அப்புறம் பால் பூத் வீட்டு இரட்டையரில் ஒருவன். ஒவ்வொரு தடவையும் தெரு அழுதது, ஆனால் முன்னைவிடச் சீக்கிரம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டிகளை ஜன்னலோரம் நகர்த்தி வைத்தார்கள், எதிரெதிர் வீட்டுத் தொட்டிப் பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக் கையசைக்கட்டும் என்று. பிறந்தநாளுக்குக் கேக் வாங்கிக் கண்ணாடிக்கு முன்னால் வெட்டினார்கள். தொட்டிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை கிடையாது, அடி கிடையாது, காய்ச்சல் கிடையாது. வெளியே இருக்கிற பிள்ளைகள் அதைப் பார்த்து ஏக்கப்பட்டு, "போ, நானும் வாய்ல குதிச்சிடுவேன்" என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு மிரட்டக் கற்றுக்கொண்டார்கள். தாய்மார்கள் முதலில் உதட்டில் அடித்தார்கள், பிறகு சிரித்தார்கள்.

தொட்டித் தண்ணீரை வாரம் ஒரு தடவை மூன்றில் ஒரு பங்கு மாற்ற வேண்டும், மொத்தமாக மாற்றினால் உள்ளே இருப்பது தாங்காது. குழாய்த் தண்ணீரை ஊற்றினால் பிள்ளைகள் வெளிறி மிதந்தார்கள். வாய்த் தண்ணீர் ஊற்றினால்தான் தெளிந்து எழுந்து உட்கார்ந்தார்கள். அதனால் சனிக்கிழமை காலைகளில் வாயருகே குடங்கள் வரிசையில் நின்றன. இது இப்படி இருக்கும்போது, யார் செய்த புண்ணியமோ, ஒரு நாள் லாரியில் சிலாப் வந்து இறங்கியது. இந்த ஊர் என்ன செய்தது தெரியுமா? லாரியைச் சுற்றி வளைத்துக்கொண்டது. மூடினா புள்ளைங்களுக்குத் தண்ணிக்கு எங்கய்யா போறது என்று மாரில் அடித்துக்கொண்டது. சிலாப் கேட்டு ரோட்டில் உட்கார்ந்த அதே சனம், அதே நாகரத்தினம் முன்னால் உட்கார, சிலாப்பைத் திருப்பி அனுப்பச் சொல்லி உட்கார்ந்தது. டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு லாரியைத் திருப்பினான். அந்தக் கூட்டத்தில் தனகோட்டியும் இருந்தாள். அவளும் குரல் கொடுத்தாள்.

ஆடி மாதம் காற்றடித்த ஒரு மத்தியானம். குடோனில் கரண்ட் இல்லை என்று தனகோட்டி சாப்பிட வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். திருப்பத்து வீட்டுப் படியில் பவானி உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மகன், அப்போதுதான் நடை பழகியவன், இடுப்பில் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு, கையைத் தூக்கிக்கொண்டு வாயைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். பவானி பார்த்தாள். தனகோட்டி சத்தியமாகப் பார்த்தாள், பவானி நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்தாள், "டேய், பாத்துடா" என்றாள், குனிந்து அடுத்த அவரைக்காயை எடுத்தாள்.

தனகோட்டி ஓடிய ஓட்டத்தில் சோற்று டப்பா எங்கேயோ விழுந்தது. பிள்ளையின் கால் விளிம்பைத் தாண்டிக் காற்றில் இருக்கும்போது இடுப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை அலறியது. அவள் முழங்கால் தேய்ந்து ரத்தம் வந்தது.

"அடிப்பாவி, நீயெல்லாம் பெத்தவளா?" என்று கத்தினாள். "எழுந்திரிச்சு வர மாட்டியா?"

பவானி அவரைக்காயை வைத்துவிட்டு, உண்மையிலேயே புரியாமல் அவளைப் பார்த்தாள். "இன்னாத்துக்குக்கா இப்படிப் பதர்ற? போனா இன்னா, ஒன் ஊட்டுக்காரர் தொட்டி கட்டித் தர மாட்டாரா? ஒம்பொண்ணு நல்லாதான கீது?"

தனகோட்டி பிள்ளையை அவள் மடியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அமுலு மரக்கட்டைமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் கூடப் படித்த பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்குப் போய்ப் பல் விழுந்து பல் முளைத்து உயரமாகிவிட்டார்கள். அவள் அதே யூனிஃபார்மில் இருந்தாள். நல்லாத்தான் இருக்கிறாள். அவள் நல்லா இருப்பதால்தான் அந்த வாய் திறந்து கிடக்கிறது, அவள் நல்லா இருப்பதைப் பார்த்துத்தான் ஜோயலின் தாய் சொம்பைத் தூக்கினாள், பவானி அவரைக்காயை எடுத்தாள். தான் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்றைக்கே குடோனில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் என்று திரும்பத் திரும்ப நினைத்தாள். இவளை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. தெருவில் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அழுதுகொண்டேதான் எழுந்தாள். தண்ணீர் மாற்றுகிற டியூப்பின் ஒரு முனையைத் தொட்டியில் விட்டு, மறு முனையை வாயில் வைத்து உறிஞ்சி, தண்ணீர் வந்ததும் வாசல் படியில் போட்டாள். மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் எப்போதும் டியூப்பை எடுத்துவிடுவாள், இப்போது எடுக்கவில்லை. டெட்ராக்களை வலையில் பிடித்து வாளியில் விட்டாள். வாலிஸ்நேரியா நிற்க முடியாமல் துணி மாதிரி மடிந்து விழுந்தது. அமுலு எழுந்து நின்று, மேலே தண்ணீர் இறங்கி இறங்கித் தன் தலைக்கு வருவதைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். பயப்படவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு கையையும் கண்ணாடியில் வைத்தாள்.

"குளிரும்டி தங்கம், கொஞ்சம் பொறுத்துக்க" என்றாள் தனகோட்டி. சேலையை ஒதுக்கிக்கொண்டு கையை முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு உள்ளங்கையை விரித்தாள்.

தண்ணீர் கழுத்துக்குக் கீழே போனதும் தொட்டியிலிருந்து அமுலுவின் குரல் முதல்முதலாகக் கேட்டது. "வெளிய வரவாம்மா?"

"வாடி" என்றாள் தனகோட்டி. "எங்கிட்ட வந்துடு."

அமுலு உள்ளங்கையில் ஏறினாள். கையை மேலே தூக்கத் தூக்கக் கனத்தாள். தொட்டி விளிம்பைத் தாண்டும்போது ஒரு கையால் தாங்க முடியவில்லை, இரண்டு கையையும் கொடுத்து, நெஞ்சில் அணைத்து, கால் மடங்கித் தரையில் உட்கார்ந்தபோது தனகோட்டியின் மடியில் ஓர் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் முழு உடம்பு கிடந்தது. மழைக்காலத்தில் செத்த பிள்ளை. கூந்தலிலிருந்து சேற்றுத் தண்ணீர் வடிந்தது. தனகோட்டி அதன் கன்னத்தைத் துடைத்தாள், மூக்கைத் துடைத்தாள், மூச்சு வருகிறதா என்று குனிந்து காதை வைத்துக்கூடப் பார்த்தாள். பெற்ற மனசு, என்ன செய்வது.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள். திருப்பத்துக்குப் போய், வாயின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, அமுலுவை மடியில் நீட்டிக்கொண்டாள்.

"எம்பொண்ணு செத்துட்டா" என்றாள். முதலில் குரல் எழும்பவில்லை. பிறகு எழும்பியது. "எம்பொண்ணு இங்கதான் செத்தா. எம்பொண்ணு செத்துட்டா. வந்து பாருங்க எல்லாரும். மூடுங்க இத."

நாகரத்தினம் ஓடிவந்தார், வாயைப் பொத்திக்கொண்டு நின்றார், கிட்டே வரவில்லை. எஸ்தர் வந்து அவள் தலைமுடியைப் பிடித்து உலுக்கினாள். "கொலகாரி, உயிரோட இருந்த புள்ளைய நீயே கொன்னுட்டியேடி! உன் பாவம் எம்புள்ளைய வந்து சேரும்டி" என்று அடித்தாள். தனகோட்டி அடியை வாங்கிக்கொண்டாள். பட்டறையிலிருந்து வந்த கோவர்தனன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அமுலுவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, தனம்."

"சொல்லியிருந்தா உட்ருப்பியாய்யா?"

அவன் பிள்ளையின் கால் இரண்டையும் தன் மடிக்கு எடுத்துக்கொண்டான்.

போலீஸ் வந்தது, கேமராக்காரர்கள் வந்தார்கள், கைகூப்பின அதே அதிகாரியும் வந்தார். சிலாப் வருகிற வரைக்கும் தனகோட்டி எழுந்திருக்கவில்லை, பிள்ளையைத் தரவும் இல்லை. நாறுகிற பிணத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி தெருவில் உட்கார்ந்திருந்தால் அதிகாரம் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று வேலந்தாங்கல் அன்றைக்குத்தான் பார்த்தது. மறுநாள் காலை கிரேன் வந்து சிலாப்பை இறக்கி, விளிம்பில் சிமென்ட்டும் பூசியது. பிறகு அமுலுவை எடுத்துப்போனார்கள். பிள்ளை போன மழையிலேயே மூழ்கிச் செத்தது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தனகோட்டிமேல் கேஸ் ஒன்றும் இல்லை.

ஊருக்கு அந்த டாக்டர் சொன்னது போதவில்லை. வாய்த் தண்ணீர் நின்றதும் மற்றத் தொட்டிகள் ஒவ்வொன்றாகக் கலங்கின. இஸ்திரிக்காரர் தன் மகளைத் தன் கையாலேயே வெளியே எடுத்தார், பால் பூத் வீட்டிலும் எடுத்தார்கள். எஸ்தர் மட்டும் கலங்கின தண்ணீரையே வடிகட்டி வடிகட்டி ஊற்றிக் கடைசி வரைக்கும் போராடினாள். கண்ணாடி முழுக்கப் பச்சை படிந்து உள்ளே ஒன்றும் தெரியாமல் போன பிறகுதான் கையை விட்டாள். ஜோயலைக் கல்லறைக்குக் கொண்டு போனபோது தனகோட்டி தூரத்தில் பின்னாலேயே நடந்து போனாள். யாரும் அவளோடு பேசவில்லை. குடோனில் வேலை போனது. அவள் பாக்கெட் போட்ட மீன் வீட்டுக்கு ஆகாது என்றார்கள். தான் செய்ததை யாராவது சரி என்று சொல்ல மாட்டார்களா என்று அவளுக்குக் கொஞ்ச நாள் இருந்தது, பிறகு அதுவும் போய்விட்டது.

அந்த ஒரு வாய்தான் மூடியது. அடுத்த ஐப்பசிக்குள் ரேஷன் கடைப் பக்கம் ஒரு சிலாப் சரிந்தது, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒன்று காணாமலே போனது. பள்ளி விடுகிற நேரத்துக்கு இப்போது தனகோட்டி தினமும் கால்வாய் ஓரமாக நடக்கிறாள். மழையானாலும் நடக்கிறாள், தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு. அவள் திருப்பத்தில் தெரிந்ததுமே, "புள்ளக் கொல்லி வர்றாடி" என்று குரல் பறக்கும். படியில் உட்கார்ந்திருக்கிற தாய்மார்கள் பதறி எழுந்து ஓடிவந்து, பிள்ளைகளின் மணிக்கட்டை வலிக்க வலிக்க இறுக்கிப் பிடித்து, இழுத்துத் தங்கள் காலோடு அணைத்துக்கொள்வார்கள். பவானிதான் எல்லோருக்கும் முன்னால் ஓடுவாள். தனகோட்டி தலையைக் குனிந்துகொண்டு நிதானமாக நடப்பாள். எங்காவது ஒரு பிள்ளை யார் கையிலும் இல்லாமல் தனியாக நின்றால், அதைப் பார்த்து இரண்டு அடி எடுத்து வைப்பாள். உள்ளேயிருந்து யாராவது கத்திக்கொண்டு ஓடிவந்து அந்தக் கையைப் பிடிக்கிற வரைக்கும் அங்கேயே நிற்பாள்.